பிள்ளை பெற்ற வயிறு பெலனடைய வேண்டுமே!



குழந்தை பிறந்து எட்டு மாதமோ ஓராண்டோ கடந்திருக்கும். கை கால்கள் மெலிந்து பழைய நிலைக்கு வந்திருக்கும். ஆனாலும் வயிறு மட்டும் ஐந்து மாதக் கர்ப்பிணியின் வயிற்றைப்போல முன்தள்ளி நிற்கும். மின்சார ரயிலில் முன்பின் அறியாதவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஊரிலிருந்து வந்த உறவினர், "என்னம்மா, மறுபடியும் விசேஷமா?" என்று நாலுபேர் நடுவே கேட்டுவிடுவார்கள். கேட்டவர் மறந்துபோவார், கேட்கப்பட்டவளோ அன்றிரவு உறங்காமல் கிடப்பாள்.

இத்தகைய தாய்மார்களில் அநேகர் தங்களைத் தாங்களே குற்றவாளியாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். "அதிகம் தின்றுவிட்டேன், சோம்பியிருந்துவிட்டேன்" என்று எண்ணி, பால் கொடுக்கும் நாட்களிலேயே ஒருவேளை உணவைத் தள்ளுகிறார்கள். சிலர் யாரோ சொன்னதைக் கேட்டுப் படுத்து எழும் கடும் பயிற்சிகளில் முதல் நாளே இறங்குகிறார்கள். சிலர் பெருந்தொகை கொடுத்துப் பெல்ட் வாங்கி, மூச்சு முட்ட இறுக்கிக்கொள்கிறார்கள். ஆனால் பல தாய்மாரின் வயிறு முன்தள்ளுவதற்குக் காரணம் கொழுப்பும் அன்று, சோம்பலும் அன்று. கர்ப்பகாலத்தில் வயிற்றுத் தசைகள் இரண்டாக விலகி, பிரசவத்திற்குப் பின்னும் ஒன்றையொன்று நெருங்காமல் நின்றுவிடுவதே காரணம். மருத்துவர்கள் இதை 'டயஸ்டாசிஸ் ரெக்டை' என்று அழைக்கிறார்கள். இதற்குப் பொறுமையான, படிப்படியான பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சிக்கு இடங்கொடுக்கும் குடும்பமும் வேண்டும். இவ்விரண்டையும் குறித்தே இந்த மாதம் சிந்திக்கப் போகிறோம்.

வயிற்றின் நடுவே நடப்பது என்ன?

நமது வயிற்றின் முன்பக்கத்தில், தொப்புளுக்கு வலமும் இடமுமாக இரண்டு நீண்ட தசைப்பட்டைகள் உள்ளன. இவை விலா எலும்புகளில் தொடங்கி, அடிவயிற்றின் கீழுள்ள எலும்புவரை இறங்குகின்றன. இவ்விரண்டையும் நடுவில் இணைப்பது நார்த்திசுவாலான ஒரு பட்டை. அது வெண்மையாக இருப்பதால் 'வெள்ளைக் கோடு' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரை மருத்துவ நூல்கள் அதற்கு வழங்குகின்றன.

கர்ப்பப்பை மாதந்தோறும் வளரும்போது குழந்தைக்கு இடம் வேண்டுமே! கர்ப்பகாலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் நார்த்திசுவை இளகச் செய்கின்றன. அந்த நடுப்பட்டை அகன்று, மெலிந்து, தசைகளை இருபுறமும் விலகவிடுகிறது. அது கிழிந்துபோவதில்லை, இழுபட்ட துணியைப்போல் தளர்ந்துபோகிறது. ஆகவே இது கர்ப்பகாலத்தில் இயல்பாக நடக்கும் காரியமேயன்றி வியாதி அன்று. குழந்தை பிறந்தபின் முதல் எட்டு வாரங்களில் அந்த இடைவெளி வேகமாகக் குறைகிறது. அதன்பின் அந்த வேகம் மந்தமாகிறது. அந்நிலையில் நின்றுவிட்ட வயிற்றுக்குத்தான் உதவி தேவைப்படுகிறது.

"எனக்குச் சிசேரியன் செய்தபோது தசையை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் இப்படி" என்று சிலர் நினைக்கிறார்கள். இன்று வழக்கமாகச் செய்யப்படும் சிசேரியனில் இந்த நீண்ட தசைகள் வெட்டப்படுவதில்லை; நடுவில் விலக்கப்படுகின்றன. சுகப்பிரசவமானாலும் சிசேரியன் ஆனாலும், விலகல் கர்ப்பகாலத்திலேயே நேர்ந்துவிடுகிறது. ஆயினும் அறுவைக் காயம் ஆறும்வரை பயிற்சியில் கூடுதல் கவனம் வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 21.5 பிரசவங்களும், தமிழ்நாட்டில் 44.9 பிரசவங்களும் சிசேரியன் மூலம் நடந்தன. எனவே நமது வாசகிகளில் மிகப்பலருக்கு இந்தக் கவனம் பொருந்தும்.

நீங்கள் தனியாக இல்லை

நார்வே நாட்டில் முதல் குழந்தை பெற்ற 300 தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரசவமாகி ஆறு வாரங்களில் நூற்றுக்கு 60 பேருக்கும், ஆறு மாதங்களில் 45 பேருக்கும், ஓராண்டு முடிவில் ஏறக்குறைய 33 பேருக்கும் தசை விலகல் இருந்தது. மூன்றில் ஒரு தாய்க்கு ஓராண்டுக்குப் பின்னும் இருக்கும் ஒன்றைக் குறித்து நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதே ஆய்வு வேறொன்றையும் சொன்னது. விலகல் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட இடுப்புவலி அதிகமாக இருக்கவில்லை. ஆகவே முதுகுவலி, இடுப்புவலி எல்லாவற்றுக்கும் வயிற்றுத் தசையே காரணம் என்று தீர்மானித்துவிடவும் கூடாது. வலிக்கு வேறு காரணம் இருக்கலாம். அதைத் தனியே பரிசோதிக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆனபின் இதைச் செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கையின் விரல் நுனிகளைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வையுங்கள். மூச்சை மெல்ல வெளியே விட்டபடி தலையையும் தோள்களையும் சற்றே உயர்த்துங்கள். இருபுறமும் தசை விளிம்புகள் இறுகுவது தெரியும். அவற்றின் நடுவே எத்தனை விரல்கள் இறங்குகின்றன என்று பாருங்கள். தொப்புளிலும், அதற்குக் கீழேயும் அவ்வாறே பாருங்கள்.

ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்திற்கு மேல் இடைவெளி இருந்தால் விலகல் இருக்கிறது எனலாம். ஆனால் அகலம் மட்டும் முக்கியமல்ல. விரல் அமிழும் இடம் உறுதியாகத் தாங்குகிறதா, அல்லது பஞ்சுபோல் ஆழமாக உள்ளே போகிறதா என்பதும் முக்கியம். தலையை உயர்த்தும்போது வயிற்றின் நடுவே கூரை முகடுபோல ஒரு மேடு எழுகிறதா என்றும் பாருங்கள். அந்த முகடு, நடுப்பட்டை இன்னும் பாரம் தாங்கப் பழகவில்லை என்பதற்கு அடையாளம்.

பச்சை உடம்பும் பட்டணத்து வாழ்க்கையும்

பிள்ளை பெற்றவளை 'பச்சை உடம்புக்காரி' என்று நம் முன்னோர் சொன்னார்கள். தாய்வீட்டில் அவளை நாற்பது நாள் இருத்தி, பத்தியச் சாப்பாடு கொடுத்து, பழைய பருத்திப் புடவையால் வயிற்றைக் கட்டி, கனமான வேலை எதுவும் செய்யவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த வழக்கத்தில் எல்லாம் சரி என்று சொல்வதற்கில்லை. தண்ணீர் குடிக்கவிடாமல் தடுப்பதும், பழம் கீரைகளை விலக்குவதும் தவறு. ஆனால் அதன் உட்கருத்து, பிரிந்து தளர்ந்த சரீரத்திற்கு ஓய்வும் தாங்குதலும் வேண்டும் என்பதே.

மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் சூரத்திலும் குடியிருக்கும் நமது பெண்கள் பலருக்கு அந்த நாற்பது நாள் கிடைப்பதில்லை. தாயார் பத்து நாள் வந்திருந்து ரயிலேறிவிடுகிறார். கணவர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார். குழாயில் தண்ணீர் வருவதோ குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே. மாடிப்படியில் வாளி சுமப்பதும், எரிவாயு சிலிண்டரை நகர்த்துவதும், குனிந்து துணி துவைப்பதும் அவள் தலையிலேயே விழுகின்றன. இந்தக் கணக்கை எண்ணிப் பாருங்கள்: புதிதாய்ப் பிறந்த குழந்தையின் எடை சுமார் 3 கிலோ. 15 லிட்டர் வாளித் தண்ணீர் 15 கிலோ. 20 லிட்டர் கேன் 20 கிலோ. சிசேரியனுக்குப் பின் முதல் ஆறு வாரங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரே கேனில் ஏழு குழந்தைகளின் பாரத்தை அவள் மூச்சைப் பிடித்துத் தூக்கினால், அந்த அழுத்தம் முழுவதும் தளர்ந்த நடுப்பட்டையின்மேல் அல்லவா விழும்!

இயன்முறை மருத்துவர் என்ன செய்வார்?

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மட்டுமே என்று எண்ண வேண்டாம். பிரசவித்த தாய்மாரின் வயிற்றுத் தசைகளையும் இடுப்புத் தசைகளையும் சீர்ப்படுத்துவது அதன் ஒரு தனிப் பிரிவு. இயன்முறை மருத்துவர் முதலில் இடைவெளியின் அகலத்தையும் உறுதியையும் விரலாலோ அளவுகருவியாலோ ஸ்கேன் மூலமோ அளப்பார். நீங்கள் எழும், குனியும், மூச்சுவிடும் விதத்தைக் கவனிப்பார். இருமும்போதோ சிரிக்கும்போதோ சிறுநீர் கசிகிறதா என்று கேட்பார். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அதற்கும் பயிற்சி உண்டு. பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெரிய அரசு மருத்துவமனைகளிலும் மாநகராட்சி மருத்துவமனைகளிலும் குறைந்த கட்டணத்தில் பிசியோதெரபிப் பிரிவு இயங்குகிறது. தாராவிக்கு அருகே சயானிலுள்ள லோகமான்ய திலக் மருத்துவமனை அப்படிப்பட்ட ஒன்று. இந்தியோ மராத்தியோ கன்னடமோ தடுமாறினால் தயங்காதீர்கள். 'டயஸ்டாசிஸ் ரெக்டை' என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பிரசவ மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளுடன் நீட்டுங்கள். அந்தப் பெயர் எல்லா மாநிலத்து மருத்துவருக்கும் புரியும். பி.பி.டி. அல்லது எம்.பி.டி. பட்டம் பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்படியான பயிற்சிகள்

நமது வயிற்றை ஓர் அறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூச்சுக்குரிய உதரவிதானம் அதன் கூரை. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் அதன் தரை. இடுப்பைச் சுற்றி அரைக்கச்சைபோல் ஓடும் ஆழமான குறுக்குத் தசை அதன் சுவர். கூரையும் தரையும் சுவரும் ஒன்றாய் இயங்கப் பழகிய பின்னரே முன்பக்கத்து நீண்ட தசைகளுக்குக் கடும் வேலை கொடுக்க வேண்டும். கீழ்க்காணும் வரிசையின் நோக்கம் அதுவே. மருத்துவரின் அனுமதி பெற்று, இயன்முறை மருத்துவர் ஒருமுறை காட்டிக்கொடுத்தபின் வீட்டில் தொடருங்கள்.

1. மூச்சு: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா விரியட்டும். வாயால் மெல்ல விடும்போது அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கி மென்மையாக உள்ளிழுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வலி இல்லையெனில் பிரசவமான சில நாட்களிலேயே இதைத் தொடங்கலாம்.

2. இடுப்புத் தளம்: சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளும் மேலுமாக இறுக்குங்கள். சில விநாடிகள் வைத்திருந்து முழுவதும் தளர்த்துங்கள். முறைக்கு 8 தடவை, நாளுக்கு 3 முறை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகக் கூடாது.

3. இடுப்பைச் சாய்த்தல்: படுத்த நிலையில் மூச்சை விட்டபடி, இடுப்பின் வளைவு தரையில் படியும்படி அழுத்தி, பின் தளர்த்துங்கள்.

4. குதிகால் நகர்த்துதல்: அடிவயிற்றை உள்ளிழுத்தபடி ஒரு குதிகாலைத் தரையோடு உராய்ந்து நீட்டி, மீண்டும் மடக்குங்கள். இடுப்பு அசையக் கூடாது. பிறகு மறுகால்.

5. இடுப்பைத் தூக்குதல்: பாதங்களை ஊன்றி, மூச்சை விட்டபடி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள்.

6. சுவர்ப் பயிற்சி: சுவரில் இரு கைகளையும் ஊன்றி நின்று, முழங்கையை மடக்கி முன்சாய்ந்து, மூச்சை விட்டபடி தள்ளி நிமிருங்கள்.

முதல் இரண்டு பயிற்சிகள் இலகுவான பின்பே அடுத்ததற்குச் செல்லுங்கள். மற்றவற்றை 8 அல்லது 10 தடவையில் தொடங்கினால் போதும். வயிற்றின் நடுவே முகடு எழுந்தாலோ, வலி வந்தாலோ, சிறுநீர் கசிந்தாலோ ஒருபடி இறங்கிக்கொள்ளுங்கள். குழந்தை உறங்கும் பத்து நிமிடம் நாள்தோறும் கிடைத்தால், வாரம் ஒருநாள் ஒருமணி நேரம் செய்வதைவிட நல்லது.

தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி செய்தால் இடைவெளி பெரிதாகிவிடும் என்று பல்லாண்டுகள் அஞ்சினார்கள். விலகல் இருந்த 70 தாய்மாரைக் கொண்டு நார்வேயில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. 12 வாரம் முறையாக இப்பயிற்சியைச் செய்தவர்களுக்கு இடைவெளி பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை; ஆனால் தசையின் பெலன் கூடியது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. அடித்தளம் அமைந்தபின், மேற்பார்வையோடு இப்பயிற்சிக்கு வரலாம், அஞ்ச வேண்டியதில்லை. மற்றொன்று, இடைவெளி முற்றும் மூடாவிட்டாலும் வயிறு பெலன் பெறக் கூடும். விரலால் தினமும் அளந்து மனம் சோர்ந்துபோகாதீர்கள். குழந்தையைச் சிரமமின்றித் தூக்க முடிகிறதா, படியேற முடிகிறதா, இருமினால் வயிறு தாங்குகிறதா என்பவையே நல்ல அளவுகோல்கள்.

அன்றாட அசைவுகளில் கவனம்

படுக்கையிலிருந்து நேரே எழாதீர்கள். ஒருபக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். எதையாவது தூக்குமுன் மூச்சை விட்டபடி அடிவயிற்றை இழுத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, பொருளைச் சரீரத்தோடு அணைத்துத் தூக்குங்கள். நிற்கும்போது குழந்தையை ஒரே இடுப்பில் நெடுநேரம் வைத்துக்கொள்ளாமல் மாற்றிக்கொள்ளுங்கள். மலச்சிக்கலை வரவிடாதீர்கள், முக்கி முயலுவதும் வயிற்றுக்கு அழுத்தமே. தண்ணீர், கீரை, பழம் தாராளமாக எடுங்கள். பட்டினி கிடக்க வேண்டவே வேண்டாம். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பருப்பும் முட்டையும் மீனும் தசை வளர உதவும்.

பெல்ட் அல்லது புடவைக் கட்டு தொடக்க வாரங்களில் தாங்குதலாக, இதமாக இருக்கலாம். அது தசைக்குப் பெலன் தருவதில்லை. மிகவும் இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி இடுப்புத் தளத்தைத் தளர்த்தும். அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் அன்றாட வாழ்வு தடைப்பட்டால், இனிக் குழந்தை வேண்டாம் என்ற முடிவும் இருந்தால் மட்டுமே அதைக் குறித்து மருத்துவரோடு ஆலோசிப்பது முறை.

கணவர்மாரே, மாமியார்மாரே!

இந்தக் கட்டுரையை மனைவியிடம் நீட்டிவிட்டு நீங்கள் எழுந்துபோக வேண்டாம். வேலைக்குப் புறப்படுமுன் அன்றைய தண்ணீரை நிரப்பி வையுங்கள். வாளியை இடுப்பு உயரத்தில் ஒரு முக்காலியின்மேல் வைத்தால், அவள் குனிந்து தூக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் குழந்தையை ஏந்திக்கொண்டு, பயிற்சி செய்ய அவளை விடுங்கள். அடுத்த குழந்தைக்கு அவசரப்படாதீர்கள். ஒரு பிரசவத்திற்குப் பின் மீண்டும் கருத்தரிக்கக் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி விடும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தசைகளும் அந்த அவகாசத்தைக் கேட்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, அவள் வயிற்றைக் குறித்துக் கேலி பேசாதீர்கள். உங்கள் வம்சத்தைச் சுமந்ததால் தளர்ந்த வயிறு அது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

தொப்புளருகே கட்டிபோல் புடைத்து, அழுத்தினால் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், மிகுந்த இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றிலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

பிரியமான சகோதரியே, ஒன்பது மாதம் விரிந்த வயிறு ஒன்பது நாளில் கூடிவிடாது. குழந்தை பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டனவே என்று கைவிடவும் வேண்டாம். தசை எந்த வயதிலும் பயிற்சிக்கு இசையும். இன்று குழந்தை உறங்கியவுடன் பாயை விரித்துப் படுங்கள். முழங்காலை மடக்கி, கையை வயிற்றின்மேல் வைத்து, ஒரு மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். முதல் பயிற்சி அதுதான். அதை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.